நாற்பதைக் கடந்து முதன்முறையாக மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைகிறவருக்கு

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 42. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். மாட்டையோ ஆட்டையோ இதுவரை கையால் தொட்டதில்லை. அடுத்த மாதம் ஒரு திருமணத்துக்காகக் காரைக்குடிக்கு வருகிறீர்கள். சம்பந்தி வீட்டார் ஊருக்கு வெளியே வைத்திருக்கும் பண்ணையைப் பார்க்க அழைத்திருக்கிறார்கள். அங்கே கறவை மாடுகளும் வெள்ளாடுகளும் கோழிகளும், மஞ்சுவிரட்டுக்கென்று வளர்க்கும் ஒரு காளையும் இருக்கின்றன. எப்படிப் பழகுவது, எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது, நோய் ஏதும் தொற்றுமா என்று மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே, சின்னப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிற இடத்தில் இந்த வயதில் போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா, மாடு என்னைப் பக்கத்தில் சேர்க்குமா என்றும் ஒரு வரி வருகிறது. நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சிவகங்கை மாவட்டத்தின் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன் நான். விலங்குகளைப் பற்றிச் சொல்வதை அனுபவத்தோடு சொல்ல முடியும். மனித நோய்களைப் பற்றிச் சொல்வதை முன்னெச்சரிக்கையாக மட்டும் கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிய உங்கள் கவலைக்கு அடிப்படை இல்லை என்பது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம். ஒரு மாடு மனிதரிடம் அஞ்சுமா, அருகில் வருமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அதன் கன்றுப் பருவம்தான். பிறந்த முதல் சில வாரங்களில் மனிதக் கை பட்டு, அதட்டலும் அடியும் இல்லாமல் வளர்ந்த கன்று பெரிதான பிறகும் ஆளைக் கண்டு மிரளுவதில்லை. பட்டியில் அடைத்து, ஊசி போடவும் காதில் வில்லை மாட்டவும் மட்டும் மனிதரைக் கண்ட கன்று, வளர்ந்த பிறகும் எட்டியே நிற்கும். ஆகவே, நீங்கள் சிறுவயதில் மாட்டோடு பழகினீர்களா என்று மாடு பார்ப்பதில்லை. அதோடு, தொழுவத்தில் சிறுவர்களைவிடப் பெரியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிறுவர்கள் ஓடுவார்கள், கீச்சுக்குரலில் கத்துவார்கள், வாலைப் பிடித்து இழுப்பார்கள். மாட்டுக்கு இவை மூன்றுமே பிடிக்காது. ஓரிடத்தில் பத்து நிமிடம் பேசாமல் நிற்கப் பெரியவரால் முடியும். பண்ணைக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் வேண்டியதில்லை.

மாடு உலகை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றி ஏறக்குறைய 330 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. இரு கண்களாலும் ஒருசேரப் பார்க்கும் பகுதி முகத்துக்கு முன்னால் குறுகலாகவே இருப்பதால், ஆழத்தையும் தூரத்தையும் கணிப்பதில் அது நம்மளவு தேர்ந்ததில்லை. தரையில் கிடக்கும் நிழலையோ வாய்க்காலையோ கண்டதும் மாடு தலையைத் தாழ்த்தித் தயங்கி நிற்பது அதனால்தான். சிவப்புச் சேலையைக் கண்டால் முட்டும் என்பது வெறும் பேச்சு. சிவப்பை அது நம்மைப் போலப் பிரித்தறிவதே இல்லை. காற்றில் படபடக்கும் முந்தானை எந்த நிறமானாலும் மிரட்டும், ஆகையால் சேலைத் தலைப்பையோ துண்டையோ செருகிக்கொண்டு போவது நல்லது. உயர்ந்த சுருதியில் எழும் ஓசைகள் நம்மைவிட அதற்கு நன்றாகக் கேட்கும் என்பதால், சீழ்க்கையும் கைபேசியின் அழைப்பு மணியும் தொழுவத்தில் வேண்டாம்.

இந்த வட்டாரத்தில் வருகையாளர்கள் காயப்படுவதற்குக் காரணமான ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பசுவின் பின்புறத்தில் இலட்சுமி குடியிருப்பதாக நம்பிக்கை இருப்பதால், பலர் நேராகப் பின்னால் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பசுவால் பார்க்க முடியாத ஒரே இடம் அதுதான். அங்கிருந்து திடீரென்று ஒரு கை படும்போது அது யாருடைய கை, எதற்கான கை என்று அதற்குத் தெரியாது. மாடு நேர் பின்னால் மட்டும்தான் உதைக்கும் என்று எண்ணிப் பக்கவாட்டில் நிற்பவரும் தப்புவதில்லை. பின்னங்காலை முதலில் முன்னோக்கிக் கொண்டுவந்து, பிறகு பக்கவாட்டில் வீசிப் பின்னுக்கு உதைப்பது மாட்டின் வழக்கம். தொட்டு வணங்கத்தான் வேண்டுமென்றால், வீட்டுக்காரர் மாட்டின் தலைப்பக்கம் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, தோளில் தொடங்கி முதுகு வழியாகக் கையை எடுக்காமல் தடவிக்கொண்டே பின்புறம் போங்கள்.

பண்ணைக்குப் போனதும் மாட்டிடம் போவதற்கு முன் அதற்குத் தீனி வைப்பவரிடம் போங்கள். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணாகவோ, கூலிக்கு மாடு பார்க்கும் ஒரு பெரியவராகவோ இருப்பார். எது சாது, எது முட்டும், எது அண்மையில் கன்று ஈன்றது என்று அவரிடம் கேளுங்கள். “அதுகிட்டப் போகாதீங்க” என்று ஒரு மாட்டைக் காட்டினால், காரணம் கேட்டு நிற்காமல் விலகிவிடுங்கள். அவர் காட்டும் சாதுவான பசுவை நோக்கி, முகத்துக்கு நேராகவும் இல்லாமல் பின்னாலிருந்தும் இல்லாமல், அதன் தோளைப் பார்த்துச் சாய்வாக நடங்கள். நடக்கும்போதே தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டு போங்கள். அது அசைபோடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கி இரு காதுகளையும் உங்கள் பக்கம் திருப்பும் இடத்தில் நின்றுவிடுங்கள். அதுவரைதான் உங்களுக்கு அனுமதி. உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, அதன் கண்ணையே உற்றுப் பார்க்காமல் காத்திருங்கள். அது மீண்டும் அசைபோடத் தொடங்கினால் இரண்டடி முன்னே போகலாம்.

பிறகு கையின் புறப்பக்கத்தை அதன் மூக்கைவிடத் தாழ்வாக நீட்டி, அப்படியே வைத்திருங்கள். நாசி விரிந்து சுருங்கும். வெப்பமான மூச்சு மணிக்கட்டில் படும். ஈரமான மூக்கு ஒருமுறை தொட்டுவிட்டு விலகும். பெரும்பாலும் அடுத்து நாக்கு வரும். அரத்தால் தேய்ப்பது போல இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் பலர் கையை வெடுக்கென்று இழுத்து மாட்டை மிரட்டிவிடுகிறார்கள். நெற்றியைத் தடவாதீர்கள், மாடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும் இடம் அது. கன்றின் நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடுவது இன்னும் கெடுதல், அந்த விளையாட்டில் பழகிய கன்று 300 கிலோ எடைக்கு வளர்ந்த பிறகும் அதே விளையாட்டைத் தொடரும். கழுத்தின் அடிப்பக்கத்தை, அலைதாடி தொங்கும் இடத்தை, அழுத்தமாகவும் மெதுவாகவும் தடவுங்கள். மாடுகள் ஒன்றுக்கொன்று நக்கிக்கொடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பிடித்திருந்தால் கழுத்தை முன்னே நீட்டிக் கொடுக்கும், காதுகள் தொய்யும், இமை பாதி இறங்கும். பிடிக்காவிட்டால் வால் இரு கால்களுக்கிடையே ஒடுங்கும் அல்லது ஈ இல்லாமலேயே சுழலும், கண்ணின் வெள்ளை தெரியும், மூச்சு உஸ் என்று சீறும். அப்போது திரும்பி ஓடாமல் வந்த வழியே பின்வாங்குங்கள்.

கட்டுத்தறியில் கட்டிய மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவிழ்த்துவிட்ட மாடு பிடிக்காதவரை விட்டு விலகிப் போய்விடும். கட்டிய மாட்டுக்கு அந்த வழி இல்லை என்பதால், அது உதைப்பதற்கும் முட்டுவதற்கும் வாய்ப்பு கூடுதல். கயிற்றைக் கவனியுங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அது நகர்ந்துபோய்க் கயிறு விறைத்து நின்றால், வேண்டாம் என்கிறது. கயிறு தொய்ந்திருக்க அதுவாக ஓரடி உங்கள் பக்கம் வைத்தால் சம்மதிக்கிறது. முடிந்தால் மாலையில், மேய்ச்சல் முடிந்து மாடுகள் திரும்பும்போது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பழகுங்கள். காலைக் கறவை நேரத்தில் உள்ளே போகாமல் இருப்பது வீட்டுக்காரருக்குச் செய்யும் மரியாதை. மடியில் பால் இறங்குவது ஆக்சிடோசின் என்ற சுரப்பினால்; அந்நியரைக் கண்டு மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொண்டால் அன்றைய வேளைப் பால் குறையும், அந்த நட்டத்தை வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

மஞ்சுவிரட்டுக் காளை விஷயத்தில் என் பதில் சுருக்கமானது: பார்க்கலாம், தொட வேண்டாம். இந்தப் பக்கத்துக் காளைகளில் பல புலிக்குளம் இனத்தவை. சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு உரிய நாட்டினம் அது. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டு, மந்தையாகவே வளர்க்கப்பட்ட இனம் என்பதால், அந்நியரை நெருங்கவிடாத இயல்பு அதன் இரத்தத்தில் இருக்கிறது. மானாமதுரையில் இந்த இனத்துக்கென்று கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த வீட்டுச் சிறுமி காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் கண்மாய்க்கு ஓட்டிப் போவதைப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று நீங்களும் கிட்டே போய்விடக் கூடாது. காளை அடங்குவது அந்தச் சிறுமிக்கு, மனித குலத்துக்கு அன்று. கன்று ஈன்று சில நாட்களே ஆன பசுவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வருடம் முழுவதும் சாதுவாக இருந்த பசுகூடக் கன்றுக்கும் தனக்கும் நடுவே வந்து நிற்பவரை முட்டும்.

வெள்ளாடுகளோடு பழகுவது எளிது, ஏனென்றால் அவை தாமாகவே வந்து உங்கள் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்க்கும். குனிந்து உட்கார்ந்தால் போதும். மனித முகத்தின் பாவத்தை ஆடுகள் கவனிக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு: இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆளின் சிரித்த படத்தையும் கோபப் படத்தையும் வைத்தபோது ஆடுகள் சிரித்த படத்தை நாடிப் போயின. செம்மறிகள் அப்படியில்லை, ஒன்று ஓடினால் எல்லாமே ஓடும், துரத்தாமல் விட்டுவிடுங்கள். கிடா நான்கு எட்டுப் பின்னால் போனால் அது பயந்து விலகுவதாக நினைக்க வேண்டாம், பாய்வதற்கு இடம் எடுத்துக்கொள்கிறது. குஞ்சுகளோடு மேயும் தாய்க்கோழியை விட்டு விலகி நடந்தால் போதும். என் அனுபவத்தில், பண்ணைக்கு வருகிறவர் மாட்டைப் பற்றி ஆயிரம் யோசித்துவிட்டு நாயைப் பற்றி யோசிப்பதே இல்லை. காவலுக்கு வளர்க்கும் கோம்பையோ நாட்டு நாயோ கட்டியிருக்கிறதா என்று வாசலில் நின்று குரல் கொடுத்துக் கேட்ட பிறகே உள்ளே போங்கள்.

தீனி விஷயத்தில் நீங்கள் வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுபோவதாக எழுதியிருக்கிறீர்கள். பொங்கலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அசைபோடும் விலங்கின் பெருவயிறு புல்லையும் வைக்கோலையும் நொதிக்கவைப்பதற்கானது. பழக்கமில்லாத மாடு ஒரே நேரத்தில் நிறையச் சோறு தின்றால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அந்த மாவுச்சத்தை விரைவாக அமிலமாக்கிவிடும். வயிறு உப்பும், அசைபோடுவது நிற்கும், உடலின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும், மாடு படுத்துவிடும், கவனிக்காவிட்டால் இறந்துவிடும். தை பிறந்ததும் மருந்தகத்து வாசலில் வந்து நிற்பவர்களில் பலர் இப்படி வருகிறவர்களே. அன்பால் ஒரு குண்டான் பொங்கலை ஊட்டியிருப்பார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் தெரியாமல் இன்னொரு குண்டானை ஊட்டியிருப்பார்கள். ஆட்டுக்கு இன்னும் குறைந்த அளவே போதும், ஆபத்து வர. கல்யாண வீட்டில் மீந்த சோற்றுக்கும் இதே கதைதான். கோயில் மாலைகளையும் பசுவுக்குப் போடாதீர்கள். அவற்றில் அரளி இருந்தால் அது இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. பழம் ஓரிரண்டு தவறில்லை, அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கிப் போனால் வரவேற்பார்கள். எதுவானாலும் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அவர் திருப்பிக் கொடுக்கும் அளவை ஊட்டுங்கள், கொண்டுபோன நெகிழிப் பையை மறக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். விரல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்: மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது, தடித்த ஈறுதான். கடைவாய்ப் பற்கள் கூர்மையானவை என்பதால் விரலை வாய்க்குள் விடாமல், கையை விரித்துத் தட்டையாக நீட்டினால் போதும்.

மாடு என்னை நேசிக்குமா என்று கேட்டால் நான் கொஞ்சம் தயங்குவேன். ஆட்களை அவை அடையாளம் காண்கின்றன, அடித்தவரை நினைவில் வைத்து விலகுகின்றன, இதமாக நடத்தியவரை நெருங்கவிடுகின்றன என்பது வரை உறுதி. அதற்கு மேல் அதன் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அறிவியல் இன்னும் முடிவு செய்யவில்லை. மாட்டைக் கட்டிப்பிடித்தால் மன அழுத்தம் குறையும் என்ற பேச்சும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் இந்திய விலங்குகள் நல வாரியம் 14ஆம் தேதியைப் பசு அணைப்பு தினமாகக் கொண்டாடச் சொல்லி வேண்டுகோள் விடுத்து, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். தனக்குப் பழக்கமானவர் அருகில் இருந்தால் மாடு அமைதியாக இருக்கும், நமக்கும் இதமாக இருக்கும். முதல் நாளே ஓர் அந்நியர் கழுத்தைக் கட்டிக்கொள்வதை அது இறுக்கிப் பிடிப்பதாகவே எடுத்துக்கொள்ளும். பண்ணைச் சூழலில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவு என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மைதான். ஒருநாள் வந்துபோகும் பெரியவருக்கு அந்தப் பயன் கிடைக்கும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

நோய்களைப் பொறுத்தவரை, நலமாக இருக்கும் மாட்டைத் தொட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. கை கழுவும் முன் எதையும் தின்ன வேண்டாம், கோழிக்குஞ்சைக் கையில் எடுத்தவர் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கறந்த சூட்டோடு ஒரு தம்ளர் பால் நீட்டுவார்கள். காய்ச்சிக் கொடுங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், கருவைக் கலைத்துவிடும் புரூசெல்லா என்ற கன்று வீச்சு நோயும் மாட்டுக் காசநோயும் பச்சைப் பாலின் வழியே மனிதருக்கு வரக்கூடியவை. கன்று வீசிய, அதாவது கரு கலைந்த, மாட்டின் அருகிலும், ஈனும் ஆட்டின் அருகிலும் போக வேண்டாம், உங்கள் வீட்டில் கர்ப்பிணிகள் யாரும் உடன் வந்தால் அவர்கள் ஆட்டுப்பட்டிக்குள் போவதையே தவிர்க்கட்டும். தொழுவத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் வீடுகள் இங்கே உண்டு, மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார்கள். காலில் புண் இருக்கிறது என்று சொல்லியாவது, விரல்களை மூடும் காலணியோடு போங்கள். குளம்பு மிதித்தால் விரல் நசுங்கும், மூத்திரம் தேங்கிய தரையில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், சாணத் தரையில் டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னியின் கிருமி இருக்கும். நாய் கடித்தாலோ கீறினாலோ, அல்லது வெறிநோய்ச் சந்தேகம் உள்ள மாட்டின் எச்சில் புண்ணில் பட்டாலோ, 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

நம்மிடமிருந்து மாட்டுக்குப் போகும் நோயும் உண்டு என்பதை வருகையாளர் யாரும் நினைப்பதில்லை. மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் கோமாரி மனிதரை அநேகமாகத் தாக்காது. ஆனால் காலணியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு ஒரு தொழுவத்திலிருந்து அடுத்த தொழுவத்துக்குப் பயணம் செய்யும். ஒரே நாளில் இரண்டு பண்ணைகளைப் பார்க்காதீர்கள். பார்த்தே ஆக வேண்டுமானால் காலணியைக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு போங்கள். செட்டிநாட்டில் அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை இருக்கிறதே, அங்கே போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது இனவிருத்திக்கான இடம், நோய்த்தடுப்புக் கட்டுப்பாடுகள் உண்டு. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெறாமல் போய் நிற்க வேண்டாம். ஊருக்குத் திரும்பியதும் குளித்து, காலிலும் இடுப்பிலும் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சில வாரங்களில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், பண்ணைக்குப் போய்வந்ததை நீங்களே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நகரத்து மருத்துவமனையில் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.